புதிய ஊராட்சித் தலைவர்களுக்கு முதல் பயிற்சி: எதைச் சொல்லித் தருவது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் எப்போது நடந்தாலும், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு ஒன்றியத்தில் எங்கள் பங்குக்குப் பயிற்சி நடத்துவதாகப் பேச்சு. பாடத்திட்டம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பழைய கையேடுகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் காலை எதை எடுத்தாலும் "தலைமைப் பண்புகள்"தான். நேர்மை, தன்னம்பிக்கை, தொலைநோக்கு, கூடவே ஒரு சிங்கம் படம். மதியம் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பதினோராவது அட்டவணையில் உள்ள 29 இனங்கள். இரண்டாம் நாள் துறைவாரியாக அலுவலர்கள் வந்து அவரவர் திட்டத்தை வாசித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் கருத்துப் படிவம், குழுப் படம், பயணப்படி.

இந்த வரிசையையே மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம். ஊராட்சி ஒன்றியத்தில் ஆணையர் இருக்கிறார், பேரூராட்சியில் செயல் அலுவலர் இருக்கிறார். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கு மட்டும் அப்படி ஒருவர் கிடையாது. நிர்வாக அதிகாரமும் தலைவரிடமே. நேற்றுவரை மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தவர் பதவியேற்ற மறுநாளே பணம் எடுக்கக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து தப்பானால் பொறுப்பும் அவருக்குத்தான். அவரை உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கச் சிங்கத்தைப் பற்றிப் பேசினால் என்ன பிரயோசனம்?

முதல் நாளே பணம், கையெழுத்து, கூட்டம். மற்றதெல்லாம் பிறகு. இதில் எது தப்பு, எது விடுபட்டது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

---

பேனா மை

ஊராட்சி செயலராக இருக்கிறேன், ஊர் பேர் வேண்டாம். நீங்கள் சொல்வது சரி. ஆனால் கையெழுத்தைத் தலைவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலைதான் முடியும்.

1994 ஊராட்சிகள் சட்டம் 188ஆவது பிரிவின்படி காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். காசோலை போய் டிஜிட்டல் கையொப்பம் வந்த பிறகும் இரண்டு பேர் என்பது மாறவில்லை. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலில் தோற்ற அணிக்கு ஐந்தாறு வார்டு கையில் இருந்தால் போதும், துணைத் தலைவர் அவர்கள் ஆள். அன்றிலிருந்து ஊராட்சியின் கழுத்து அவர்கள் பிடியில். மோட்டார் பழுது பார்த்த பில் நிற்கும், டேங்க் ஆபரேட்டர் சம்பளம் நிற்கும், தெருவிளக்குப் பொருள் வாங்கிய கடைக்காரர் என் வீட்டு வாசலில் நிற்பார். எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி நடப்பதுதான்.

இதற்கு வழியே இல்லை என்று இல்லை. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியருக்கு 203ஆவது பிரிவில் அவசர அதிகாரம் உண்டு. அதைக்கொண்டு கையெழுத்து அதிகாரத்தை அலுவலர் யாருக்காவது மாற்றித் தருவார்கள். ஆனால் அந்த நிலைக்குப் போய்விட்டால் ஊராட்சியின் கடிவாளம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி வாங்குவது லேசில்லை.

அதனால் முதல் பயிற்சிக்குத் தலைவரையும் துணைத் தலைவரையும் ஒரே அறைக்கு வரவழையுங்கள். இரண்டு பேர் கையிலும் ஒரே பில்லைக் கொடுத்து, இதில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேளுங்கள். எஸ்டிமேட் எது, எம்-புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) எது, தீர்மானம் எந்தத் தேதியில் போட்டது என்று இருவருமாகத் தேடட்டும். அவர்கள் முதன்முதலாகச் சேர்ந்து செய்யும் வேலை அதுவாக இருக்கட்டும்.

---

முன்னாள் தலைவி

வைகைக்கரை தம்பி, பணம், கையெழுத்து எல்லாம் சரிதான். அதற்கு முந்தி ஒன்று இருக்கிறது. நான் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியில், பெண்கள் இடத்தில் நின்று ஜெயித்தவள்.

எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மேடம் வந்து, பெண்கள் தைரியமாக எழுந்து பேச வேண்டும், கூச்சம் கூடாது, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நன்றாகத்தான் சொன்னார். எனக்குத் தைரியத்துக்குக் குறைவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் எனக்கு நாற்காலிதான் இல்லை. அதை யாரிடம் கேட்பது என்று அந்த மூன்று நாளில் யாரும் சொல்லவில்லை.

என் ஒருத்தி கதை என்று நினைக்காதீர்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் ஊரெல்லாம் பார்த்தது. அதே வருடம் ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை என்று செய்தி வந்தது. அதற்கும் முந்தி மதுரை மாவட்டம் மேலவளவு, அதுவும் தனி ஊராட்சி. 1997 ஜூனில் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற தனி ஊராட்சிகள் நான்கிலும் பத்து வருடம் தேர்தலே முறையாக நடத்த முடியாமல் 2006இல்தான் நடந்தது. இதெல்லாம் பயிற்சிக் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

என்னைக் கேட்டால் இதைச் சொல்லித் தாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் செய்து, 2016 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ தன் கடமையைச் செய்ய விடாமல் தடுத்தால் அதுவே தனிக் குற்றம், 3(1)(எம்) பிரிவு. எனக்கு இது தெரிந்தபோது பதவிக்காலம் பாதி ஓடிவிட்டது. சொன்னவர் ஒரு வழக்கறிஞர், பயிற்சியாளர் இல்லை. இரண்டாவது, தடுத்த அன்றே தேதி போட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும், போனில் சொன்னால் காற்றோடு போகும். ஆட்சியருக்கு மனு எழுதிப் பழக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்கள் சிங்கத்தைவிட உபயோகமாக இருக்கும்.

---

நெடுஞ்சாலை

கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும். பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். அதற்காக ஒரு மண்டபம், ஒரு பேனர், பிரியாணி. வந்தவர்கள் பட்டியலில் கையெழுத்து. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று ஒரு எண் மேலே போகும். ஊரில் என்ன மாறியது என்று எந்தப் படிவத்திலும் கேட்க மாட்டார்கள்.

இப்போது இதற்கு ஐஐஎம் வேறு. 2024இலிருந்து ஊராட்சித் தலைவர்களையும் அதிகாரிகளையும் அகமதாபாத் மாதிரி இடங்களுக்கு அழைத்து ஐந்து நாள் மேலாண்மைப் பயிற்சி கொடுக்கிறது ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம். போய் வந்தவர்கள் படம் நன்றாக இருக்கிறது.

தலைமை என்பது வகுப்பில் வருவதா? மதுரைப் பக்கம் சின்னப்பிள்ளை அம்மா என்ன பயிற்சிக்குப் போனார்? எழுதப் படிக்கத் தெரியாமல், நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கூலி பேசியவர். பிறகு களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழு இயக்கத்தில் பெண்களைச் சேர்த்தார். பிரதமராக இருந்த வாஜ்பாயே அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019இல் பத்மஸ்ரீ. குத்தம்பாக்கம் இளங்கோ கெமிக்கல் இன்ஜினியர், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து 1996இல் தலைவரானவர். ஓடந்துறை சண்முகம் பதவியில் இருக்கும்போதுதான் ஊராட்சிக்கே காற்றாலை வாங்கும் ஏற்பாடு நடந்தது. இவர்களை எந்த நிறுவனம் தயாரித்தது?

---

பழைய விரிவாக்கம்

நெடுஞ்சாலை, நீங்கள் சொன்ன மூன்று பேரையும் வைத்தே உங்களுக்கு மறுப்புச் சொல்லலாம். ஊரக வளர்ச்சித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

சின்னப்பிள்ளை அம்மா வகுப்புக்குப் போகவில்லை, உண்மை. ஆனால் களஞ்சியம் என்ன செய்தது? மாதம் தவறாமல் கூட்டம், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பணம் எண்ணுவது, கடன் யாருக்கு என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்வது, குழுவுக்கு மேலே தொகுப்பு, அதற்கு மேலே கூட்டமைப்பு. அதுவும் பயிற்சிதான், மண்டபம் இல்லாத பயிற்சி. கூலி பேசத் தெரிந்த ஒருவருக்கு வங்கி மேலாளரிடம் பேசவும் வாய்ப்பு அமைந்தது. அந்த அமைப்பு இல்லாவிட்டால் அவர் தன் ஊர் நடவுக்குழுவின் தலைவியாகவே இருந்திருப்பார்.

இளங்கோ விஷயம் இன்னும் சுவாரசியம். குத்தம்பாக்கத்தில் கழிவுநீர்க் கால்வாய் கட்டும்போது, ஆலையில் மீந்த கருங்கல் துண்டுகளை வைத்துச் செலவைக் குறைத்தார். எஸ்டிமேட்டில் உள்ளபடி கட்டவில்லை என்று புகார் போய்ப் பதவி நீக்க நடவடிக்கைக்கு ஆளானார். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது, திரும்பி வந்தார். பின்னால் மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குச் சொல்லித் தருவதற்கென்றே பஞ்சாயத்து அகாடமி தொடங்கினார். தலைமை தானாக வருவது, சொல்லிக்கொடுக்க முடியாது என்று அவரே நினைக்கவில்லை பாருங்கள்.

அவர் கதையை நான் வகுப்பில் சொல்வது வேறு காரணத்துக்காக. நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதாது. திருத்திய மதிப்பீடு வாங்கிவிட்டுச் செய்தால் யாரும் கை வைக்க முடியாது. வாங்காமல் செய்தால் மிச்சம் பிடித்தவன்கூட 205இல் பதில் சொல்ல வேண்டும். 205 என்றால் தலைவரைப் பதவி நீக்கும் பிரிவு. ஆட்சியர் விளக்கம் கேட்பார், திருப்தி இல்லையென்றால் வட்டாட்சியர் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்கள் கருத்தைப் பதிவு செய்வார், அதன் பிறகு ஆட்சியர் முடிவெடுப்பார். நிறையப் பயிற்சிகளில் இதைப் பூச்சாண்டி காட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். விளக்கக் கடிதம் எப்படி எழுதுவது, கெடு எவ்வளவு, எந்த ஆவணத்தைச் சேர்ப்பது என்று சொல்லிக்கொடுப்பவர் குறைவு.

அப்புறம் கொஞ்சம் பழங்கதை. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது ஊர் வேலைக்கென்று கிராம சேவக்குகளைத் தயாரித்தார்கள். பவானிசாகர், டி.கல்லுப்பட்டி, பட்டுக்கோட்டை, எஸ்.வி.நகரம், கிருஷ்ணகிரி ஐந்து இடத்திலும் இன்று மண்டல ஊரக வளர்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. முன்பு விரிவாக்கப் பயிற்சி மையங்கள் என்பார்கள். மறைமலை நகரில் மாநில நிறுவனம். கட்டடமும் ஆளும் உள்ள இடங்கள்தான். ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் தலைவர்கள், துணைத் தலைவர்கள், அவர்களைப் போலப் பல மடங்கு வார்டு உறுப்பினர்கள் என்று கணக்குப் போடுங்கள். எல்லாருக்கும் ஒரே வருடத்தில் என்றால் மேலிருந்து கீழே படிப்படியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மறைமலை நகரில் கேட்டவர் மாவட்டத்தில் சொல்வார், மாவட்டத்தில் கேட்டவர் ஒன்றியத்தில் சொல்வார். ஒன்றியத்துக்கு வருவதற்குள் சட்டம் போய்ச் சுற்றறிக்கை மட்டும் மிஞ்சியிருக்கும்.

---

திருச்சூர்க்காரன்

வேலை நிமித்தம் திருச்சூரில் இருக்கிறேன். பக்கத்தில் முளங்குன்னத்துக்காவில்தான் கிலா, கேரள உள்ளாட்சி நிர்வாகப் பயிற்சி நிறுவனம். அங்கே நுழைந்தால் வார்டு மெம்பர்கள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். டீக்கடையில் என் பக்கத்து மேசையில் ஒரு மெம்பர் நிலைக்குழு பட்ஜெட்டைப் பற்றி இன்னொரு மெம்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊரில் நான் இப்படிப் பார்த்ததில்லை.

1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்று அறிவித்துவிட்டார்கள். பணத்தைக் கையில் கொடுத்த பிறகு, இதைச் செலவழிக்கத் திட்டம் எழுத வேண்டுமே என்ற அவசரத்தில் பெருவாரியாகப் பயிற்சி நடந்தது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற பொறியாளர்கள், சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தார் என்று பலரும் பயிற்றுநர்களாக வந்தார்கள். மேல்நிலை அதிகாரி யாரும் வந்து தலைமைப் பண்பு சொல்லவில்லை. தேவை இருந்தது, கற்றுக்கொண்டார்கள்.

அதிகாரம் முதலில், பயிற்சி பிறகு. நம்மிடம் அது தலைகீழ்.

---

பேனா மை

திருச்சூர்க்காரன் அண்ணே, கேரளத்தில் கிராம பஞ்சாயத்து 941. நம்மிடம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அங்கே ஒரு பஞ்சாயத்து என்பது இங்கே பல ஊராட்சிகளைச் சேர்த்த அளவு. செயலாளர், கிளார்க்குகள், பொறியாளர் என்று ஒரு அலுவலகமே இருக்கும். இங்கே நான் ஒருத்தன். பக்கத்து ஊராட்சிக்குக் கூடுதல் பொறுப்பு வேறு. ஓவர்சியர் ஒன்றியத்தில் இருந்து வர வேண்டும். கிலாவைத் தூக்கிக்கொண்டுவந்து இங்கே வைத்தாலும் அந்தப் பாடம் இங்கே ஓடாது.

15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முதலிலேயே கட்டிப்போட்டார்கள். மீதி 40தான் ஊராட்சி தானாக யோசித்துச் செலவழிக்க. மாநில நிதியில் மின்கட்டணமும் சம்பளமும் போக எவ்வளவு நிற்கிறது என்று எந்தத் தலைவரையும் கேளுங்கள், சிரிப்பார்.

ஆகவே தொலைநோக்கு பேச வேண்டுமென்றால் சொந்த வருவாயில் இருந்து பேசுங்கள். வீட்டு வரி ஒழுங்காக வசூலாகிறதா, தொழில் வரி யாரிடம் விடுபட்டிருக்கிறது, ஊராட்சி எல்லைக்குள் வந்த புதுக் கட்டடங்களுக்கு வரி போட்டாயிற்றா. ஓடந்துறையில் காற்றாலை என்று எல்லாரும் படம் காட்டுகிறார்கள். 350 கிலோவாட், 2006இல் ஒரு கோடியே 55 லட்ச ரூபாய். அதில் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு 40 லட்சம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மீதிதான் வங்கிக் கடன். அந்த 40 லட்சம் எப்படிச் சேர்ந்தது என்று சொல்லித் தருவதுதான் பாடம். காற்றாலையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது சுற்றுலா.

---

குழுத் தலைவி

மகளிர் குழுவில் பல வருடம், இப்போது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இருக்கிறேன். ஒன்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நான் சொல்கிறேன். பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016இல் சட்டம் திருத்தினார்கள். பயிற்சி நடக்கும் மண்டபத்துக்கு வெளியே போய்ப் பாருங்கள், பைக் நிறுத்தி வைத்துக்கொண்டு தலைவர்களின் வீட்டுக்காரர்கள் நிற்பார்கள். சில இடங்களில் உள்ளேயே உட்காருவார்கள். அலுவலர்களும் "தலைவர் கணவர் வந்துட்டாரா" என்று அவரைத்தான் தேடுவார்கள்.

நான் பார்த்தவரை இதற்கு மருந்து ஒன்றே. தங்கிப் படிக்கும் பயிற்சி, பெண்கள் மட்டும். முதல் ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் ராத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, உன் ஊரில் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) எப்படி, உன் கிளார்க் பணம் கேட்கிறானா என்று பேச ஆரம்பிப்பார்கள். பகலில் நடந்த வகுப்பைவிட அந்தப் பேச்சில் விஷயம் அதிகம்.

குழுவில் இருந்து வந்த பெண்களுக்குக் கணக்கு புதிது இல்லை. தர்மபுரியில் 1989இல் ஆரம்பித்ததில் இருந்து தமிழ்நாட்டில் குழுப் பெண்கள் தீர்மான நோட்டும் ரொக்கப் புத்தகமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஊராட்சியில் பதிவேடுகள் அதிகம், அவ்வளவுதான். அவர்களைப் போய் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைப்பது அவமானம். தெரிந்ததில் இருந்து தொடங்குங்கள்: குழு வங்கிக் கணக்கு இப்படி, ஊராட்சிக் கணக்கு இப்படி, வித்தியாசம் இங்கே.

---

முன்னாள் தலைவி

குழுத் தலைவி அக்கா சொல்வதை முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கிப் படிக்கும் பயிற்சிக்கு யாரால் வர முடியும்? கூலிக்குப் போகிறவள் மூன்று நாள் கூலியை விட வேண்டும். பயணப்படி அதற்கு ஈடாகாது, அதுவும் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. கைக்குழந்தை இருந்தால் முடிந்தது. எங்கள் பயிற்சியில் தங்க வந்தவர்கள் எல்லாம் மாமியார் துணை உள்ளவர்கள், கொஞ்சம் நிலம் உள்ளவர்கள். உண்மையில் யாருக்குத் தேவையோ அவர்கள் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

தங்கும் பயிற்சி வைக்கிறீர்களா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள், பணத்தை வந்த அன்றே கொடுங்கள். முடியாதென்றால் ஒன்றியத்திலேயே வாரத்துக்கு ஒரு நாள் வையுங்கள். இரண்டும் இல்லாமல் "பெண்கள் வருகை குறைவு" என்று அறிக்கை எழுதாதீர்கள்.

---

நெடுஞ்சாலை

பழைய விரிவாக்கம் ஐயா, களஞ்சியம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது பல வருடம் மாதாமாதம் நடந்த வேலை. வைகைக்கரை எழுதப்போவது மூன்று நாள். இரண்டுக்கும் பயிற்சி என்று ஒரே பெயர் வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

இட ஒதுக்கீடு சுழற்சி வேறு. இந்தத் தலைவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து, அவரும் நன்றாகச் செய்து, சுழற்சியில் அந்த இடம் வேறு பிரிவுக்குப் போய்விட்டால் அவர் கற்றது எங்கே போகும்?

---

வார்டு மூன்று

இவ்வளவு பேரும் தலைவரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 26 வயது, அடுத்த தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கலாம் என்று இருக்கிறேன். போன முறை எங்கள் வார்டில் ஜெயித்தவரைக் கேட்டேன், என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று. "ஒரு நாள் கூப்பிட்டாங்க, சாப்பாடு நல்லா இருந்துச்சு, தீர்மானத்துக்குக் கை தூக்கணும்னு சொன்னாங்க" என்றார்.

தேர்தலுக்கு முன்னாலேயே ஆர்வம் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன? ஜெயித்த பிறகு நேரம் இல்லை, தோற்றவர்களும் ஊரில்தானே இருக்கப் போகிறோம். கிராம சபையில் கேள்வி கேட்கவாவது உதவும். 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத நேரத்தில் என்னை மாதிரி ஆள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

---

பேனா மை

வார்டு மூன்று தம்பி, நல்ல கேள்வி. நெடுஞ்சாலைக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது, பதவி போனாலும் ஆள் ஊரில்தான் இருப்பார்.

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருடத்துக்கு ஆறு. போனதும் முதலில் தலையை எண்ணு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். பல இடங்களில் ஆள் வராமலே கையெழுத்து நோட்டு மட்டும் வீடு வீடாகப் போகும். உன் வார்டில் அப்படி வந்தால் கூட்டத்துக்கு வராமல் போடமாட்டேன் என்று சொல்.

இரண்டாவது, இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உன் ஊராட்சிப் பெயரைப் போட்டுத் தேடு. வளர்ச்சித் திட்டத்தில் என்ன வேலை எழுதியிருக்கிறது, யாருக்கு எவ்வளவு பணம் போனது என்று இருக்கும். அதை அச்செடுத்துக்கொண்டு தெருவில் நட. எழுதிய வேலை தரையில் இருக்கிறதா பார். இல்லையென்றால் உடனே கத்தாதே, ஓவர்சியரிடம் எம்-புக் நகல் கேள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடு.

மூன்றாவது, டேங்க் ஆபரேட்டரோடு ஒரு நாள் சுற்று. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று தெரிந்தவனுக்கு ஊரில் பாதி அரசியல் தெரிந்துவிடும். இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. என் வரைவைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு வந்திருப்பது இப்படி.

பதவியேற்ற முதல் மாதத்துக்குள் ஒன்றரை நாள், அதற்கு மேல் இல்லை. தலைவர், துணைத் தலைவர், செயலர் மூவரும் ஒரே மேசையில். பேனா மை சொன்ன பில் பயிற்சியோடு தொடக்கம். ஆட்சியருக்கு மனு, 205 விளக்கக் கடிதம் இரண்டையும் எழுதிப் பார்ப்பது மறுநாள் காலை. வன்கொடுமைத் தடுப்புப் பிரிவை தனி ஊராட்சித் தலைவர்களுக்கு மட்டும் தனியே சொல்லாமல் எல்லாருக்கும் பொதுவில் சொல்வது, துணைத் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் காதால் கேட்கட்டும். முன்னாள் தலைவி அக்கா, அந்த நேரத்தை நீங்களே வந்து நடத்தித் தர முடியுமா?

மிச்சம் எல்லாம் மாதம் ஒரு நாள், ஒன்றியத்திலேயே. வகுப்பு எடுப்பவர்களில் பாதிப் பேர் பதவி முடிந்த தலைவர்கள். வரி வசூலுக்கு அவர்களில் ஒருவர், கிராம சபை நடத்துவதற்கு இன்னொருவர். வகுப்பு முடிந்து ஊருக்குப் போனபின் சந்தேகம் வந்தால் அவருக்கே போன் போடலாம். வார்டு உறுப்பினர்களுக்கும், தேர்தலுக்கு நிற்க நினைப்பவர்களுக்கும் ஞாயிறு மதியம் தனியே, சான்றிதழ் எல்லாம் கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், எங்களுக்குப் பணம் தருகிறவர்கள் "பயிற்சி நாள்" கணக்கில்தான் தருகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர், தலைக்கு இவ்வளவு. முன்னாள் தலைவர் ஒருவர் இரவு எட்டு மணிக்குப் போனில் அரை மணி நேரம் பேசியதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

---

முன்னாள் தலைவி

வருகிறேன் தம்பி. கூலி நாளாக இல்லாமல் பார்த்து வையுங்கள், துணைத் தலைவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

---

நெடுஞ்சாலை

போனுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். படம் எடுக்க முடியாதே.

---

பழைய விரிவாக்கம்

"புத்தாக்கப் பயிற்சி" என்று ஒரு தலைப்பு போடுங்கள், தணிக்கையில் கேள்வி வராது. முன்னாள் தலைவர்களை "வள நபர்" என்று காட்டி மாத மதிப்பூதியமாக எழுதுங்கள். அவர்கள் போனில் பேசியதற்கு ஒரு சின்னப் பதிவேடு வையுங்கள்: தேதி, ஊராட்சி, என்ன கேட்டார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அடுத்த பாடத்திட்டம் அதிலேயே இருக்கும். படிவ மாதிரி என்னிடம் இருக்கிறது, நாளை தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன்.